இருபத்து மூன்றாம் வீட்டுப் படிவம்

குவாபித்தால் வாழைத்தோட்டக் குடியிருப்பு
3 செப்டம்பர் 1998

மதிப்பிற்குரிய தோன்யா இலேயானா,

படத்தில் இடது ஓரம் நிற்கும் சிறுமியின் கழுத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். அவள் மழைச்சட்டைக்குக் கழுத்துப் பட்டி இல்லை. கத்தரிக்கோலால் வெட்டிய ஓட்டைதான் இருக்கிறது, ஒரு பக்கம் கொஞ்சம் கிழிந்து.

நான் யோர்லேனி. இரண்டு வருடங்களுக்கு முன் மூன்று மாதம் உங்கள் ஜீப்பில் சிறுநீர்க் குப்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று படிவங்களை என்னிடம் எழுதக் கொடுத்தீர்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் என்று தெரிந்தும் கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. இப்போது பழம் கட்டும் கொட்டகையில் சீட்டு ஒட்டுகிறேன்.

போன சனிக்கிழமை வேலை முடிந்ததும் கம்பெனி ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தது. மேலே உங்கள் பெயர். தோட்டத்தை ஒட்டி வாழும் குவாபித்தால் சிறுமிகளுக்கும், மலைமேல் அல்த்தோ செத்ராலில் வாழும் சிறுமிகளுக்கும் சிறுநீரிலும் வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை என்று பல்கலைக்கழகம் கண்டுபிடித்ததாம். ஆகவே தோட்டத்துப் பூச்சிமருந்தால் ஒன்றும் ஆகவில்லையாம். கீழே நீங்கள் எடுத்த படம், மழையில் ஆறு குழந்தைகள். ‘மருந்தே படாத கிராமத்துப் பிள்ளைகள்’ என்று போட்டிருக்கிறார்கள்.

தாள் கறுப்பு வெள்ளை. அதில் எல்லாம் ஒரே நிறம். அந்த மழைச்சட்டைகள் நீலம் என்று எனக்குத் தெரியும். வாழைத்தாருக்குப் பூச்சி விழாமல் மாட்டும் பைகள் அவை. மருந்தை மேலே தெளிப்பதில்லை, பிளாஸ்டிக்கிலேயே கலந்துதான் பை வருகிறது. அம்மா தினமும் அதைத்தான் சுருளிலிருந்து பிரித்து அடுக்குகிறாள்.

அந்தப் பைகளின் கிடங்கு இன்னும் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித்தான் நிற்கிறது. சுகாதார அதிகாரி போன வருடம் அதை இடம் மாற்றச் சொன்னார். கம்பெனி முடியாது என்றது. அக்டோபர் 14 அன்று நகராட்சி மன்றம் முடிவு செய்யப்போகிறது. அங்கே காட்டத்தான் உங்கள் தாள்.

என் தங்கை மெய்லின் அந்தச் சுவரோர ஜன்னல் பக்கம் உட்காருகிறாள். ஆறு வயதில் நீங்கள் அவளைப் பரிசோதித்து, “இப்பவே பயப்படாதீங்க தோன்யா நீதியா, முடிவு வந்ததும் நானே வந்து சொல்றேன்” என்று அம்மாவிடம் சொன்னீர்கள். முடிவு கம்பெனித் தாளில்தான் வந்தது. அவளுக்கு எட்டு வயது. ஆகஸ்டில் பெரியவளாகிவிட்டாள். பள்ளியில், வயதான அம்மாக்களை அழைப்பதுபோல, “தோன்யா மெய்லின் வர்றாங்க, நாற்காலி போடு” என்கிறார்கள். அவள் இப்போது இடைவேளையில் வெளியே போவதில்லை.

அந்த முடிவு சரிதானா? அதை மட்டும் எழுதுங்கள்.

போன் கடையில்தான் இருக்கிறது. பேசினால் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். யாரும் இல்லாவிட்டாலும் எனக்குக் குரல் வராது, அது உங்களுக்குத் தெரியும். சான் ஹோசே பேருந்து ஓட்டும் தொன் மாஞ்சோவிடம் இதைக் கொடுக்கிறேன்.

யோர்லேனி


சான் ஹோசே
11 செப்டம்பர் 1998

அன்புள்ள யோர்லேனி,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் மகிழ்ச்சி. படித்ததும் அது போய்விட்டது. மெய்லினை உடனே இங்கே குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்து வரச் சொல். சீட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நான் வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடமும் வேலையிலேயே ஓடிவிட்டது என்பது பதில் இல்லை என்று எனக்கே தெரிகிறது.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். ‘வித்தியாசம் காணப்படவில்லை’ என்றுதான் நான் எழுதினேன். ‘தீங்கு இல்லை’ என்று எங்கும் எழுதவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று கட்டுரையின் கடைசிப் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். கம்பெனி கடைசிப் பக்கத்தை அச்சடிக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பைகளைப் பற்றி நீ எழுதியது எனக்குப் புதிது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து படாத ஊர் ஒன்று வேண்டும். அதற்காகத்தான் இருபது கிலோமீட்டர் தள்ளி அல்த்தோ செத்ராலைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டில் பூச்சிமருந்து உண்டா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டோம். நாற்பத்திரண்டு வீடுகளும் இல்லை என்றன. அந்தக் குழந்தைகள் ஏதோ மலிவு மழைச்சட்டை போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அழகாக இருந்தது, படம் எடுத்தேன்.

நீ கூடவே இருந்தாய். உனக்குத் தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும் மகளே. கூச்சத்துக்கும் ஒரு அளவு உண்டு.

இலேயானா பார்கேரோ


குவாபித்தால்
16 செப்டம்பர் 1998

தோன்யா இலேயானா,

சொன்னேன்.

வாயால் சொல்லவில்லை, எழுதினேன். இருபத்து மூன்றாம் வீடு, தோன்யா இசௌரா வீடு. அன்றைக்கு மழை. நீங்கள் ஜீப்பில் குப்பிகளுக்குப் பனிக்கட்டி மாற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் படிவத்தைப் பார்த்து வாசித்தேன்.

“வீட்ல பூச்சிமருந்து இருக்கா?”

“மருந்தா? எங்களுக்கு ஏதும்மா அந்த வசதி. புல்லைக்கூட கத்தியிலதான் வெட்டுறோம்.”

அவர் தலைக்குப் பின்னால் கொடியில் நான்கு நீலப் பைகள். குடிநீர் டிரம்மின் வாயில் ஒன்று, கயிறு போட்டுக் கட்டி. மக்காச்சோள மாவு ஒன்றில். அவர் மகள் லிஸ்பெத் ஒன்றைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றாள். நான் கையால்தான் காட்டினேன்.

“அதுவா? அது பை. எங்க வீட்டுக்காரரு பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா தோட்டத்துலருந்து வரும்போது கொண்டாருவாரு. சோப்பு போட்டு மூணு தடவ அலசுவேன். உங்க ஊர்க்காரங்க மாதிரி அழுக்கோட பொழங்க மாட்டோம்.”

அவர் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் அவர்களுக்குக் கேனில் இருப்பது. பை என்பது பை. அது ஓட்டை விழாது, மழை தாங்கும், இலவசம். மலையில் ஆண்கள் எல்லோரும் எங்கள் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்கள். எல்லா வீட்டிலும் அது உண்டு. ‘தோட்டத்திலிருந்து எவ்வளவு தூரம்’ என்று படிவம் கேட்டது. தோட்டத்திலிருந்து என்ன வருகிறது என்று கேட்கவில்லை.

நான் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: ‘மழைச்சட்டை, தண்ணீர் மூடி, மாவு. எல்லாம் வாழைப் பை.’ ஜீப்பில் நீங்கள் அதைப் பார்த்தீர்கள். “மகளே, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது. ஓரத்துல எழுதுறதைக் கம்ப்யூட்டர் வாங்காது” என்றீர்கள். அழிரப்பரால் அழித்தீர்கள். துகளை ஊதினீர்கள். கோபப்படக்கூட இல்லை, சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வீடுகள் இருந்தன. ஒன்றின் ஓரத்திலும் நான் எதுவும் எழுதவில்லை. அது என் தப்பு. முதல் தப்பு யாருடையது என்று படிவத்தை எடுத்துப் பாருங்கள்.

மாதா கோயிலில் எங்களை உட்கார வைத்து நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? உடம்புக்குள் சுரப்பிகள் ஒன்றுக்கொன்று கடிதம் போடும், வளர், நில், காத்திரு என்று. இந்த மருந்துகள் அதே கையெழுத்தில் கள்ளக் கடிதம் போடும், உடம்பு நம்பிவிடும் என்றீர்கள். எனக்கு அன்றைக்கு விளங்கியது. உங்கள் கட்டுரையையும் இங்கே எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

அக்டோபர் 14-க்கு முன் அந்தப் படத்தைக் கலரில் அனுப்புங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கலரில் பார்த்தால் இந்த ஊரில் கண் தெரிகிற எவருக்கும் யாரும் விளக்க வேண்டாம்.

மெய்லினை நீங்கள் சொன்ன மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். இரத்தம் எடுத்தார்கள். ஜனவரியில் வரச் சொன்னார்கள்.

யோர்லேனி


சான் ஹோசே
30 செப்டம்பர் 1998

யோர்லேனி,

பத்து நாள் நான் படிவப் பெட்டியைத் திறக்கவில்லை. நீ தப்பாக நினைவு வைத்திருக்கிறாய் என்று ஒரு கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை அனுப்பவில்லை.

23-ஆம் படிவம் என் மேசைமேல் இருக்கிறது. எழுத்து போய்விட்டது, ஆனால் நீ பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரிகிறது. ‘எல்லாம் வாழைப் பை.’ ஐந்து வருட வேலை. இரண்டு ஊரிலும் ஒரே பை. வித்தியாசம் எப்படி இருக்கும்?

இனி நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். அடுத்த மூன்று வருடத்துக்கான ஆராய்ச்சி நிதியுதவி டிசம்பரில் முடிவாகிறது. அது கிடைத்தால் மெய்லினைப் போன்ற எல்லாக் குழந்தைகளையும் தொடர்ந்து பார்க்கலாம், சரியான கேள்விகளோடு. ஒப்பீட்டு ஊரே பிழை என்று இப்போது நானே ஊருக்குச் சொன்னால் அது கிடைக்காது. யாருக்கும் எதுவும் கிடைக்காது. ஜனவரியில் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்புகிறேன். வாக்குக் கொடுக்கிறேன்.

படத்தை அனுப்ப முடியாது. அவை பிள்ளைகளின் முகங்கள். தாய்மார் அனுமதி தந்தது ஆராய்ச்சிக்கு மட்டும்தான். நகராட்சிக் கூட்டத்துக்கு அல்ல. இதில் நான் விதியை மீற முடியாது.

என்மேல் கொஞ்சம் நம்பிக்கை வை.

இலேயானா


குவாபித்தால்
6 அக்டோபர் 1998

தோன்யா இலேயானா,

ஆறு தாய்மாரின் அனுமதி இத்துடன் இருக்கிறது. நான்கு கையெழுத்து, இரண்டு கைநாட்டு. ஞாயிற்றுக்கிழமை பால் லாரியில் மேலே போனேன். கம்பெனி அந்த முகங்களை அச்சடித்தபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அதையும் எழுதிக் காட்டிவிட்டேன்.

எதற்கு அனுமதி என்று தோன்யா இசௌரா கேட்டார். நான் எழுதிக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. லிஸ்பெத் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“அப்ப நான் அலசி அலசி என் பிள்ளைக்கு மாட்டிவிட்டது என்ன?” என்றார் அவர்.

நான் லிஸ்பெத்தின் கையிலிருந்து தாளை வாங்கி மடித்தேன்.

“அந்த டாக்டரம்மாவுக்கு இது தெரியுமா?”

தலையாட்டினேன்.

“எப்பலருந்து?”

நான் தரையைப் பார்த்தேன். அவர் அழவில்லை. கொடியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசியில் லிஸ்பெத்தின் மழைச்சட்டையை என்னிடம் கொடுத்தார். “இதையாவது கொண்டுபோய் யார்கிட்டயாவது காட்டு.”

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “நீ வாயைத் தொறந்தா என் வேலை போகும். தொறக்கலைன்னா உன் தங்கச்சி. ரெண்டுல எதைச் செய்யின்னு நான் சொல்லணுமா? சொல்ல மாட்டேன் போ” என்றாள். அன்றிலிருந்து பேசவில்லை. சோறு வைக்கிறாள்.

ஜனவரியில் நீங்கள் திருத்தும்போது கிடங்கு பள்ளிச் சுவரோடு நிலையாக நின்றுவிட்டிருக்கும். 14-ஆம் தேதி புதன்கிழமை. தொன் மாஞ்சோ தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து கிளம்புகிறார்.

யோர்லேனி


சான் ஹோசே
13 அக்டோபர் 1998

யோர்லேனி,

படத்தை உறையில் போட்டு ஒட்டினேன். பதினொன்றரைக்குப் பேருந்து நிலையம் போனேன். தொன் மாஞ்சோ சோடா குடித்துக்கொண்டிருந்தார். “சின்னப்பொண்ணுக்குக் கடுதாசி உண்டாம்மா?” என்று அவரே கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். பேருந்து கிளம்பும் வரை நின்றேன்.

இதைத் தபாலில் போடுகிறேன். நாளைக்குள் வராது. தெரிந்துதான் போடுகிறேன்.

இலேயானா


சான் ஹோசே, பல்கலைக்கழகம்
22 அக்டோபர் 1998

தோன்யா இலேயானா,

உங்கள் கடிதம் கூட்டம் முடிந்து ஐந்தாம் நாள் வந்தது. இதை நான் பேருந்தில் கொடுத்தனுப்பவில்லை. உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூட்டத்தில் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். கம்பெனி இன்ஜினியர் உமான்யா உங்கள் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார், கறுப்பு வெள்ளையில். “டாக்டர் பார்கேரோ எங்க ஆள் இல்ல. அவங்களே எழுதியிருக்காங்க” என்று உங்கள் வரிகளை மெதுவாக வாசித்தார். நன்றாக வாசித்தார். மன்றத் தலைவர் தொன் எலாதியோ, யாருக்காவது பேச வேண்டுமா என்றார். மெய்லினின் ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்னாலிருந்து ஒருவர், “பாவம், நாக்கை வீட்ல மறந்து வச்சிட்டு வந்துட்டா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு யாராவது நின்றிருந்தால்.

கையில் லிஸ்பெத்தின் பை இருந்தது. அதைப் பிரித்துத் தலைவழியாக மாட்டினேன். ஓட்டை சின்னது, காதில் இழுத்தது. முன்னால் நடந்துபோய்ப் படத்துக்குப் பக்கத்தில், இடது ஓரச் சிறுமிக்கு அருகில் நின்றேன். கழுத்தில் கிழிசல்கூட அதே இடத்தில் இருந்தது.

பின்வரிசையில் தார் வெட்டுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்தார். “அட, அது நம்ம பை” என்றார். அப்புறம் பக்கத்திலிருந்தவர், “என் வீட்ல ஆறு கிடக்கு” என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உமான்யா மட்டும் சொன்னார்: “ஒரு பொண்ணு பையை மாட்டிக்கிட்டா அது விஞ்ஞானம் ஆயிருமா? டாக்டர் எழுதினது அச்சுல இருக்கு.” அதுவும் சரி என்று மன்றத்தில் நான்கு பேர் தலையாட்டினார்கள். கடைசியில் நவம்பர் 11-க்குத் தள்ளிவைத்தார்கள். நீங்கள் நேரில் வந்து, அந்த ஊர் மருந்து படாத ஊர்தானா என்று ஆமாம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். வராவிட்டால் அச்சில் இருப்பதே நிற்கும்.

திங்கட்கிழமை சீட்டு ஒட்டும் மேசையில் என் இடத்தில் வேறு பெண் இருந்தாள். அம்மாவை ஒன்றும் செய்யவில்லை, இதுவரை. அன்றைக்கு இரவு அவள் எங்கள் டிரம்மின் மேலிருந்த பையை அவிழ்த்துவிட்டுப் பலகை போட்டு மூடினாள்.

அழைப்பாணையைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் கையெழுத்தோடு திரும்பி வர மூன்று வாரம் ஆகும், யாராவது நேரில் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவீர்களா என்று மன்றச் செயலாளர் கேட்டிருந்தார். யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். என்ன செய்தேன் என்று வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

உங்கள் அறை எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு கதவிலும் பெயரைப் படித்துக்கொண்டே மூன்று மாடி ஏறினேன். ஆனால் உங்கள் கதவில் பெயரைப் படிக்கவே தேவைப்படவில்லை. எதிர்ச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. சட்டம் போட்டு, கண்ணாடிக்குள், கலரில். ஆறு சட்டையும் நீலம். இரண்டு வருடமாக இந்த வழியில் போகிற எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். இப்போதுகூட இரண்டு மாணவிகள் பார்த்துவிட்டு, “எவ்ளோ அழகு” என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

பிள்ளைகளின் முகங்களை வெளியே காட்டக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள்.

உள்ளே நீங்கள் யாரிடமோ பேசும் சத்தம் கேட்கிறது. சிரிக்கிறீர்கள். ஜீப்பில் சிரித்த அதே சிரிப்பு.

இதை அழைப்பாணையோடு சேர்த்துக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, பன்னிரண்டு மணிப் பேருந்தைப் பிடிக்கலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். மணி பதினொன்று ஐம்பது. பேருந்து போகட்டும்.

இதை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவைத் தட்டுகிறேன்.

யோர்லேனி